முந்தி வந்த பாஸ்கா

மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைப் பீடத்தருகே நின்று சொல்லிவிட்டு, எஸ்தாக்கி மணலில் ஆறு எட்டு நடந்து இந்தப் பக்கம் வருவார். சனங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு மறுபாதியைச் சொல்வார். திரும்பவும் ஆறு எட்டு அந்தப் பக்கம். செபமாலையில் ஐம்பத்து மூன்று மணி இருக்கிறது. ஐம்பத்து மூன்றுக்கும் போய்ப்போய் வந்து முடிக்கும்போது முதுகெல்லாம் வேர்வை வழியும். எங்கள் ஓலைக் கோயிலின் மணலில், ஆடுகள் தண்ணீருக்குப் போகிற தடம் மாதிரி ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

“ஒரே எடத்துல நின்னு ரெண்டு பாதியையும் சொன்னா என்ன எஸ்தாக்கி?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“அதெப்படி மதினி? முதப் பாதி கோயில்பிள்ளை சொல்றது. மறுபாதி சனம் சொல்றது. சனம் வரல, சரி. அதுக்காகச் சனத்தோட எடம் இல்லேன்னு ஆயிருமா?” என்றார்.

எனக்கு அது புரியவில்லை. இன்றைக்கும் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன்.

கோயில்பிள்ளை என்றால் கோயிலைக் கூட்டி, மணியடித்து, சாமியார் வராத நாட்களில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர். எஸ்தாக்கியின் அய்யாவும் கோயில்பிள்ளைதான். ஆள் குட்டை, கழுத்து தடிமன். கடலில் மூழ்கிச் சங்கு குளித்த காலத்தில் இடது காது கேட்காமல் போய்விட்டது. அதனால் மெதுவாகப் பேசவே தெரியாது. இவர் சாமியார் காதில் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினால் கோயிலுக்கு வெளியே கட்டியிருக்கிற ஆட்டுக்கும் கேட்கும். இப்போது பிழைப்பு, கிழிந்த வலைகளைப் பின்னிக் கொடுப்பது. ஊசி காணாமல் போய்விட்டால், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அந்தோனியாரைக் கூப்பிட்டு வைத்துக் கண்டிப்பார்: “இந்தா பாரும், வெயிலு ஏறுறதுக்குள்ள ஊசி கெடைக்கணும். இல்லாட்டி இந்த வாரம் ஒமக்கு மெழுகுதிரி கெடையாது.” பெரும்பாலும் ஊசி அவர் தலைப்பாகையிலேயே குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறார். புயல் நிவாரணத்தில் வந்தது. எந்த நாட்டு மலை மாதிரி ஆளுக்குத் தைத்ததோ, தோள் முழங்கைக்கு வரும். கையை நாலு மடிப்பு மடித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவருக்கு ஒரு பெருமை.

நாங்கள் இங்கே புதுமடத்துக்குக் கிழக்கே பனங்காட்டில் வந்து கிடக்கிறவர்கள். மார்கழிப் புயலில் கடல் ஏறி வந்து தனுஷ்கோடிப் பக்கம் எங்கள் குடியிருப்பைத் துடைத்துக்கொண்டு போனபிறகு, மிஞ்சின பதினேழு வீட்டுக்காரர்கள் இங்கே குடிசை போட்டோம். எனக்கு மூத்த மகன் போனான். எஸ்தாக்கிக்குப் பெண்டாட்டி சலேத்தம்மாள். பக்கத்துக் குடிசை முத்தழகுக்குப் புருஷனும் இரண்டு பிள்ளைகளும். இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

பால்பவுடர் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதைப் பீடமாக்கி, நாலு பனங்கால் நட்டு, ஓலை வேய்ந்து எஸ்தாக்கி கோயில் கட்டினார். ரயில் பாதையிலிருந்து பிய்ந்து கிடந்த தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, அதுதான் மணி என்றார். முதல் வாரம் எல்லாரும் போனோம். அப்புறம் ஒருத்தி வரவில்லை. மறுநாள் நாலு பேர் வரவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை. எனக்குச் சர்வேசுரன் மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபம் இருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். முழங்கால் மடங்கவில்லை, அவ்வளவுதான். இந்த வட்டாரத்துக் கோயில்களைப் பார்க்கிற பங்குச் சாமியாருக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் புயலில் செத்தவர்களை அடக்குவதற்கே நேரம் போதவில்லை. அப்புறம் அவருக்கும் விஷக்காய்ச்சல் வந்துவிட்டது. தை மாதத்தோடு அவர் வருவதும் நின்றது.

ஒருநாள் விடிகாலையில் எஸ்தாக்கி தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது முத்தழகு போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“யாருக்குக் காது இருக்குன்னு தட்டுறீக மாமா?”

“தெரியல ஆத்தா. எனக்கே ஒரு காதுதான்.”

“மேல இருக்கவருக்கு அதுவும் இல்ல. இருந்திருந்தா அன்னைக்கி எம்பிள்ளைக கத்துனது கேட்டிருக்கும்.”

எஸ்தாக்கி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. வேதத்திலிருந்து ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் கையை விடும் வரைக்கும் நின்றார். அவள் விட்டதும் மிச்சமிருந்த ஏழு அடியையும் அடித்து முடித்தார். எனக்கு அன்று அவர் மேல் எரிச்சலாக வந்தது. இப்படி ஒரு கல்லா என்று நினைத்தேன்.

பாஸ்கா, அதாவது சேசு உயிர்த்தெழுந்த திருநாள், கிறிஸ்துமஸ் மாதிரி ஒரே தேதியில் வராது. வருஷத்துக்கு வருஷம் மாறும். எந்த ஞாயிறு என்று கோயில் காலண்டரில்தான் போட்டிருக்கும். அந்த வருஷம் எங்களுக்குக் காலண்டர் வரவில்லை. ஆனால் எஸ்தாக்கியிடம் அவருடைய அய்யா சொல்லிவிட்டுப் போன கணக்கு ஒன்று இருந்தது. “பங்குனிப் பௌர்ணமி கழிஞ்ச ஞாயித்துக்கெழம பாஸ்கா. கடலுக்குப் போறவனுக்கு நெலாவை விட என்ன காலண்டரு வேணும்?” என்றார். அந்த ஞாயிற்றிலிருந்து பின்னோக்கி எண்ணி, நாற்பது நாள் தபசு காலம் எந்தப் புதன்கிழமை தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, சாம்பல் கரைத்துத் தன் நெற்றியில் தானே பூசிக்கொண்டு ஒருசந்தி ஆரம்பித்தார். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் உச்சிக்கு. காலைக் கஞ்சி கிடையாது.

அந்த வாரம்தான் புதுமடத்தில் நோன்புப் பெருநாள். கருவாட்டு வியாபாரி ஹாஜா முகைதீன் எங்கள் பெண்டுகளுக்கு மீன் அறுக்கிற வேலை கொடுப்பவர். அவர் எஸ்தாக்கியின் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நாங்க நோம்பு தொறந்து பெருநா கும்புடுறோம், நீ இப்பத்தான் நோம்பு புடிக்கிறியா? ரெண்டு நாளைக்கி முந்தி சொல்லியிருந்தா எங்கதுல பாதிய ஒனக்குத் தந்திருப்பேனே.”

“வேணாம் மரைக்காரே. ஒங்களுக்குப் பொழுது சாஞ்சா கறியும் கஞ்சியும். எங்களது வறண்ட நோம்பு.”

“ஒங்க ஆளுக ஒருத்தரும் இருக்கக் காணோமே.”

“அவுகளுக்கும் சேத்துத்தான் நான் இருக்கேன்.”

“எங்க மோதினாரும் இப்பிடித்தான். பள்ளியில தொழ ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் பாங்கு சொல்லிருவாரு” என்று சொல்லிவிட்டு ஹாஜா முகைதீன் போனார்.

நாற்பது நாளும் எஸ்தாக்கி ஒருசந்தி இருந்தார். பசியில் ஆள் சிடுசிடுப்பார், வலை கொண்டுவந்தவனை வையப் போய் வாயைப் பொத்திக்கொள்வார். தபசு காலத்தில் ‘அல்லேலூயா’ என்ற ஆனந்தத் துதியை வாயில் எடுக்கக் கூடாது. பாஸ்கா அன்றுதான் அதை வெளியே விட வேண்டும். பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்குப் பனங்குருத்து ஒன்றைக் கையில் பிடித்துத் தனியாகக் குடிசைகளைச் சுற்றி வந்தார். பின்னால் ஒரு வெள்ளாடு மட்டும் குருத்தை எட்டிக் கடித்துக்கொண்டே போயிற்று. நாங்கள் சிரித்தோம். புயலுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தாக்கி ஒவ்வொரு குடிசைத் தட்டியின் முன்னாலும் நின்று சொன்னார்: “நாளைக்கிப் பாஸ்கா. வந்தா வாங்க. வராட்டிப் பரவாயில்ல, ஒங்களுக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்.”

அந்தக் கடைசிப் பேச்சு என்னைக் குடைந்தது. என் மகனுக்காக நான் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை இன்னொருத்தர் சொல்வதா? சொன்னால் நான் சொல்கிறேன், இல்லாவிட்டால் யாரும் சொல்ல வேண்டாம். இந்த வீம்பில்தான் மறுநாள் விடிகிற வெள்ளாப்பில் எழுந்து போனேன். பார்த்தால் அங்கே எல்லாரும் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், யாரோ தப்புப் பண்ணிவிட்டு வந்த மாதிரி நிற்கிறார்கள். எஸ்தாக்கி பீடத்தருகே நின்று அல்லேலூயா பாடினார். பழக்க தோஷத்தில் பதில் சொல்ல இந்தப் பக்கம் புறப்பட்டார். மூன்று எட்டுத்தான் வைத்திருப்பார். கோயிலுக்கு வெளியே, ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து “அல்லேலூயா” என்று ஒரு பெண்குரல் வந்தது. பாட்டாக இல்லை. தொண்டை அடைத்தவர் இருமுகிற மாதிரி இருந்தது. முத்தழகு. அன்று எஸ்தாக்கியின் கையைப் பிடித்துக் கேட்டதற்கு அப்புறம், மீன் எடை கேட்டால் தவிர வாய் திறக்காதவள். எஸ்தாக்கிக்கு முன்னே போகவா பின்னே போகவா என்று தெரியவில்லை. பாதித் தடத்திலேயே நின்றுவிட்டார். அதற்குள் நாங்கள் எல்லாரும் சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

அன்றைக்குத்தான் புயலுக்கு அப்புறம் முதல் தடவையாக முத்தழகு அடுப்புப் பற்றவைத்தாள். சாளைமீன் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். புளி தூக்கல். நான் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஹாஜா முகைதீன் கருவாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு பங்குக் கோயில் இருக்கும் ஊருக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் மீன் அறுக்கிற இடத்தில் எல்லாரும் இருக்கும்போதே கேட்டார்.

“ஏப்பா, ஒங்க பெருநா முடிஞ்சு போச்சுன்னீகளே. அங்கன ஒங்க கோயில்ல இருக்க செலைக்கெல்லாம் ஊதாத் துணியப் போத்தி முக்காடு போட்டு வெச்சிருக்காக. என்னன்னு கேட்டா, இன்னும் நோம்பு முடியலையாம். பெருநாளைக்கி ரெண்டு வாரம் கெடக்காம்.”

எஸ்தாக்கி வலையும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார். முதலில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தோம். கேட்டிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

படகுக்காரன் சந்தியாகுதான் முதலில் ஆரம்பித்தான். “சேசு கல்லறைக்குப் போறதுக்கு முந்தியே நம்ம கோயில்பிள்ளை அவரை எழுப்பி விட்டுட்டாரு.”

“அப்ப இனிமே திரும்பவும் தபசா? எந்திரிச்சவரைப் புடிச்சுத் திரும்பச் சிலுவையில ஏத்தவா?”

“அந்த அல்லேலூயாவ என்ன பண்றது? வாயிக்குள்ள திரும்பப் போட்டுக்கிறவா?”

சிரிப்பாகத்தான் போயிற்று. முத்தழகு மட்டும் அரிவாள்மனையிலிருந்து எழுந்தாள். கையில் மீன் செதிள் ஒட்டியிருந்தது.

“மாமா. அன்னைக்கி எந்திரிக்கலேன்னா, நான் யாருக்கு வாயத் தொறந்தேன்?”

அவள் போய்த் தன் குடிசைத் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அன்று வேலைக்குத் திரும்பவில்லை, வெளியேயும் வரவில்லை. கூரை வழியாகப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அது ஒன்றுதான் எனக்குத் தைரியம். அவள் மறுபடி வாயை மூடிவிட்டால் இனி எந்தப் பாஸ்காவும் அதைத் திறக்காது என்று எனக்குத் தெரியும். எஸ்தாக்கிக்கும் தெரியும்.

மறுநாள் விடியுமுன் அவர் பங்குக் கோயிலுக்கு நடையைக் கட்டினார். மூன்று மணி நேர நடை. நானும் கிளம்பினேன். வேண்டாம் மதினி என்றார். நான் கேட்கவில்லை.

“பேசாம இரும். நாளு தப்புன்னு அவகிட்ட ஒத்துக்காதேயும். மரைக்காரு தெரியாமச் சொல்லிட்டாருன்னு சொல்லிருவோம்” என்று வழியில் சொல்லிப் பார்த்தேன்.

“தப்பு என்னுது. அத மூடி வெச்சுக்கிட்டு எந்த மொகத்தோட அவளக் கூப்புடுவேன்?” என்றார்.

பங்குச் சாமியார் காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்தார். எஸ்தாக்கி உள்ளே போய் முழங்காலில் விழுந்தார். நான் வாசலில் நின்றேன். நின்றால் என்ன, அவர் பேசினால் தெருவுக்கே கேட்குமே. எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் கணக்கை விளக்கினார். அந்த வருஷம் பங்குனி பிறந்து நாலாம் நாளே பௌர்ணமி வந்துவிட்டதாம். மார்ச் இருபத்தொன்றுக்கு முந்தி வருகிற பௌர்ணமி கணக்கில் சேராதாம். அடுத்த பௌர்ணமிதான் கணக்காம். முழுதாக நாலு வாரம் முந்திவிட்டோம்.

“அன்னைக்கி எத்தனை பேரு வந்தாங்க?” என்று சாமியார் கேட்டார்.

“அம்புட்டுப் பேரும் சாமி.”

எஸ்தாக்கியே மேலே கேட்டார்: “ஒரு பொம்பள அன்னைக்கி அல்லேலூயா சொல்லுச்சு. அது பொய்யா சாமி? அதுகிட்ட நான் போயி என்ன சொல்ல?”

“பொய்யில்ல. அது செபத்துல சேரும். பாஸ்காவுல சேராது” என்றார் சாமியார். “மிச்சமிருக்கிற நாளுக்கு எல்லாரையும் ஒருசந்தி இருக்கச் சொல்லு. நீயும் இரு. பெரிய வெள்ளிக்கு எல்லாரும் இங்க வந்துடணும்.”

ஒரு காலண்டரும் கொடுத்து அனுப்பினார். திரும்பி வருகிற வழியில் நான் அந்தப் பேச்சையே உருட்டிக்கொண்டு வந்தேன். செபத்தில் சேருமாம், பாஸ்காவில் சேராதாம். செபமே பாஸ்காவுக்காகத்தானே? எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் யாராவது விளக்கினாலும் நான் ஒப்புக்கொள்வேனா என்பது சந்தேகம். “ஒமக்கு வெளங்குச்சா?” என்று எஸ்தாக்கியைக் கேட்டேன். “இல்ல மதினி” என்றார்.

அடுத்த நாள் காலையில் முத்தழகின் குடிசைக்கு முன்னால் போய் நின்றார். நான் என் வாசலில் மீன்கூடையைக் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. அவளாகத் தட்டியை நகர்த்தினாள். கையில் கஞ்சிச் சட்டி. குடிக்கப் போகிற நேரம்.

“நாளு தப்புத்தான் ஆத்தா. எங்க அய்யா மேல தப்பில்ல. நான்தான் போயி ஒரு வார்த்தை கேட்டுருக்கணும். கேக்கல.”

அவள் சட்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

“நீ சொன்ன அல்லேலூயா பொய்யில்லன்னாரு சாமியாரு. ஆனா பாஸ்காவுல சேராதுன்னும் சொன்னாரு. ஏன்னு எனக்கு வெளங்கல. வெளங்குன மாதிரி ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப இன்னும் எந்திரிக்கல.”

“இந்த வருசத்துக்கு இன்னும் இல்ல.”

“எத்தன நாளு கெடக்கு?”

“பதினோரு நாளு. அதுவரைக்கும் ஒருசந்தியாம்.”

முத்தழகு கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு சின்ன வெங்காயம் மிதந்தது. அவள் சட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

“நாப்பது நாளு எங்களுக்கும் சேத்து நீங்க இருந்துட்டீக. இந்தப் பதினோரு நாளு நான் இருந்துக்கிறேன். குடிங்க.”

“சாமியாரு என்னையும் இருக்கச் சொல்லியிருக்காரு ஆத்தா.”

“சாமியாருக்கிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன். ஆறப் போகுது.”

எஸ்தாக்கி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கூடையைக் கவனமாகக் கழுவினேன். பிறகு அவர் அவள் வாசல் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டார். சட்டியை இரண்டு கையாலும் வாங்கி, அந்த ஒற்றை வெங்காயம் வரைக்கும் குடித்தார்.